அம்மாவில் பிழையில்லை

போன வைகாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம், நாங்கள் ட்ரெட்மில் வாங்கிய கடையிலிருந்து ஒருவர் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெஷின் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. முன்பக்கத்து மூடியைக் கழற்றினார், குனிந்து ஒரு தடவை மணந்து பார்த்தார், திரும்பவும் மூடியைப் பூட்டினார். "நடக்கிற ஆள் எத்தினை கிலோ?" என்று கேட்டார். 86 என்றேன். "அதுதான் மிஸ். பாரம் கூடின ஆக்கள் ஏறினா மோட்டர் தாங்காது. எரிஞ்சிட்டுது. இதுக்கு வரண்டி வராது." அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. தட்டை மேசையில் வைத்தார். "நான் அப்பவே சொன்னனான், எனக்கு உது வேண்டாமெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு அரை நீத்துப்பெட்டிப் பிட்டோடு எழும்பிவிட்டார். நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். திங்கள் விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டதால் மற்றதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். செவ்வாய் காலை சீனி வருத்தக் குளிசையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு முற்றம் கூட்டியிருக்கிறார். தலை சுற்றி, விளக்குமாறும் கையுமாக மாமரத்தடியில் இருந்துவிட்டார். அக்கா கண்டு ஓடிவந்து சீனி கரைத்துக் கொடுத்ததால் தப்பினார். போனில் நான் நல்லாக ஏசினேன். "என்ர பாரத்தால எத்தினை காசு வீணாப் போச்சு, பிள்ளை" என்றார். காசு தம்பியுடையது. கனடாவில் இரண்டு வேலை செய்து அனுப்பியது. அதை நினைத்து நினைத்துத்தான் அம்மா வயிற்றைக் கட்டியிருக்கிறார்.

பாரம் கூடின ஆட்கள் ஏறினால் மோட்டர் தாங்காது. இந்த வசனம் பிழை. எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. வீட்டில் வயது போனவர்களுக்காக மெஷின் வாங்க நினைக்கிற எல்லாரிடமும் அதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஏன் மெஷின், வெளியில் நடக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் ஒழுங்கையில் ஒரு கிழமை இருந்து பார்க்க வேண்டும். கிளினிக்கில் டொக்டர் சொன்னது நாளைக்கு 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள். கிழமைக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அதே கணக்குத்தான். விடிய வெளிக்கிட்டால் நாய்கள். பெரிய வீதிக்கு ஏறினால் மணல் டிப்பர்கள். ஏழரைக்கே வெயில் சுடும். 2009 இல், யுத்தத்தின் கடைசியில், அம்மா நடந்த நடையை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவருடைய இடது முழங்கால் சரிவரவேயில்லை. அதையும் தாண்டி ஒரு சங்கடம் இருந்தது. காண்கிற எல்லாரும் "எங்க போறியள் அக்கா?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். கடைக்குப் போவது போலத் தெரியட்டும் என்று ஒரு வெறும் பையைக் கையில் கொண்டு நடந்துகொண்டிருந்தார். அந்தப் பையைப் பார்த்த அன்றுதான் மெஷின் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

பெட்டியில் இருந்த 4

தம்பி முதலில் கனடாவிலிருந்தே அனுப்பப் பார்த்தான். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கத்தைய வீட்டு மெஷினின் மின்சுற்றுப் பலகையும் (போட்) மோட்டரும் அந்த 120 வோல்டுக்கென்றே செய்தவை. இங்கே ஓட்டுவதானால் 2000 வோல்ட் அம்பியர் அளவில் ஒரு பாரமான டிரான்ஸ்போமரைப் பக்கத்தில் வைக்க வேண்டும். வேண்டாம், காசை அனுப்பு, இங்கேயே எடுக்கிறோம் என்றேன். எடுத்தோம். பெட்டியில் பெரிதாக "4 எச்.பி." என்றும், 16 கிலோமீட்டர் வேகம் என்றும், 110 கிலோ வரை தாங்கும் என்றும் போட்டிருந்தது. 86 கிலோ ஆளுக்கு 110 கிலோ மெஷின், நான்கு பரிவலு (எச்.பி.) மோட்டர். வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மெஷின் எரிந்த பிறகு, வவுனியாவில் என் அறையில் இருந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு பரிவலு 746 வாட். நான்கு என்றால் 2984. எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது 13 அம்பியர் சதுரப் பின் பிளக். 230 ஆல் பெருக்கினால் 2990 வாட். அதாவது, அந்த மோட்டர் நான்கு பரிவலுவை உண்மையிலேயே தருவதானால் சுவரில் இருந்து வரக்கூடிய முழுவதையும், ஒரு துளி வீணாக்காமல், உறிஞ்ச வேண்டும். மெஷினின் பின்பக்கத்தில் இருந்த சின்ன பிரேக்கரில் 10 அம்பியர் என்று போட்டிருந்தது. அது 2300 வாட்டுக்கு மேல் தொடர்ந்து விடாது. தன் பிரேக்கரே விடாத வலுவை மோட்டர் எங்கே இருந்து தரும்? பெட்டியில் எழுதுவது உச்ச வலு, ஒரு கணத்துக்குத் தட்டுப்படக்கூடிய எண். பார்க்க வேண்டியது தொடர் வலு. மணிக்கணக்காக ஓடினாலும் சூடு எல்லை தாண்டாமல் தரக்கூடியது அதுதான்.

மோட்டரின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டை சித்தப்பாவின் மகன் படம் எடுத்து அனுப்பினான். 180 வோல்ட் நேரோட்டம் (டி.சி.), 5 அம்பியர், 4000 சுற்று. 180 ஐ 5 ஆல் பெருக்கினால் 900 வாட். உள்ளே போகிற 900 உம் அப்படியே வெளியே வந்தாலும் ஒன்றே கால் பரிவலு இல்லை. பெட்டி நான்கு என்கிறது, தகடு ஒன்றும் சொச்சமும் என்கிறது. இங்கேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆனால் கணக்கை அதோடு விட்டிருந்தால் நான் பிழையான இடத்தில் நின்றிருப்பேன். அடுத்ததாக, அம்மா நடக்க எவ்வளவு வலு வேண்டும் என்று பார்த்தேன். ட்ரெட்மில்லில் மோட்டர் செய்கிற வேலை ஆளைத் தூக்குவது இல்லை. ஆளின் பாரம் அமுக்க அமுக்க, பலகையோடு உராய்கிற பெல்ட்டை இழுப்பதுதான் அதன் வேலை. 86 கிலோ என்றால் ஏறக்குறைய 843 நியூட்டன். உராய்வு அதில் ஐந்தில் ஒன்று என்று வைத்தால் 169 நியூட்டன். அம்மா நடப்பது மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர், செக்கனுக்கு 0.7 மீற்றர் வரும். இரண்டையும் பெருக்கினால் 117 வாட். அவ்வளவுதான்! ஒரு பழைய குண்டு பல்ப் எரிக்கிற அளவு. தகட்டில் இருக்கிற 900 இல் எட்டில் ஒரு பங்கு மட்டில். கணக்குப்படி மோட்டர் எரியவே கூடாது. எரிந்து கிடக்கிறது. அப்போது அம்மாவின் பாரத்தில்தான் பிழையோ என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

பிறகு கரண்டைச் சந்தேகித்தேன். எங்கள் வீடு லைனின் கடைசி வீடு. பின்னேரத்தில் எல்லாரும் பம்ப் போட்டால் வோல்டேஜ் விழும். கிணற்றுப் பம்ப் மோட்டர் அப்படித்தான் மூன்று தரம் எரிந்திருக்கிறது. வன்னியில் மோட்டர் எரிந்தால் முதல் குற்றவாளி வோல்டேஜ்தான். சரி, அந்தப் பம்புக்குத் திரும்பக் கம்பி சுற்றித் தந்தவரிடமே இதையும் கொண்டுபோவோம் என்று அடுத்த சனிக்கிழமை வெளிக்கிட்டேன்.

பரந்தனில் கேட்ட கேள்வி

பரந்தன் சந்திக்குக் கிட்ட இருக்கிற கடை அது. வாசலெல்லாம் பம்ப் மோட்டர்கள், செப்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் மணம். அண்ணை மோட்டரை மடியில் வைத்து, பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன மூடிகளையும் திருகி, சுற்றுகிற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற காபன் துண்டுகளை வெளியே எடுத்தார். இரண்டும் தேய்ந்து கட்டையாகிப் போயிருந்தன. உள்ளே சுற்றுகிற கம்பிச் சுருளான ஆமேச்சரை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பாக இருக்க வேண்டிய கம்பி கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. நான் முந்திக்கொண்டு, "அம்மா கொஞ்சம் பாரம்தான் அண்ணை, 86 கிலோ" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"என்ன வேகத்தில நடக்கிறவா?"

"மெதுவாத்தான் அண்ணை. இரண்டு, கூடிப்போனா இரண்டரை. அதுக்கு மேல போகவே மாட்டா." எங்கள் பக்கத்துக்கு நியாயம் சொல்வதாக நினைத்துத்தான் இதைச் சொன்னேன்.

"அதுதான் எரிஞ்சது, ரீச்சர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வோல்டேஜ் விழுந்ததால் இல்லையா என்று கேட்டேன். தண்ணிப் பம்ப் வேறு சாதி, அது வோல்டேஜ் விழ விழ மின்னோட்டத்தைக் கூட இழுத்து எரியும் என்றார். இதில் சுவரில் வருகிற கரண்ட்டை போட் முதலில் நேரோட்டமாக்குகிறது. பிறகு வேகத்துக்கு ஏற்ற மாதிரி அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் மோட்டருக்கு விடுகிறது. இரண்டரையில் ஓடுகிற மோட்டருக்கு முழு வோல்டேஜ் தேவையே இல்லை. வீட்டில் கொஞ்சம் விழுந்தால் அதற்குத் தெரியவும் வராது. "உங்கட மோட்டர் சைக்கிளை டாப் கியரில போட்டு, பின்னால அம்மாவையும் ஏத்திக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில நடை வேகத்தில ஏறிப் பாருங்கோ. எஞ்சின் என்ன பாடு படும்? முக்கும், சுடும். கியரைக் குறைச்சா ஏறும். இந்த மெஷினில கியர் இல்லை, ரீச்சர். எப்பவும் டாப் கியர்தான்." ஆமேச்சரைத் துணியில் சுற்றி என் கையில் தந்துவிட்டு, "அம்மாவில பிழையில்லை. மெதுவா நடக்கிற ஆளுக்கு ஏத்த மோட்டர் உதில்லை. அவ்வளவுதான்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தரம் 11 பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் பிளெமிங்கின் இடக்கை விதி படிப்பிக்கிறேன். நேரோட்ட மோட்டரின் இழுவை அதற்குள் ஓடுகிற மின்னோட்டத்தில்தான் தங்கியிருக்கிறது என்று கரும்பலகையில் எழுதுகிறேன். நான் கணக்குப் போட்டதோ வலுவுக்கு. வலு என்பது இழுவையும் வேகமும் பெருகி வருவது. வேகம் குறைந்தால் வலு குறையும், இழுவை குறையாது. அம்மா இரண்டரையில் நடந்தாலும் பத்தில் நடந்தாலும் அவருடைய பாரத்தின் கீழ் பெல்ட்டை இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய அதே 169 நியூட்டன். ஆகவே ஓட்டமும் அதே. சூடு ஓட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது, ஆகவே சூடும் அதே. குறைந்தது ஒன்று மட்டும்தான். காற்று. மோட்டரைக் குளிராக்குகிற விசிறி அதே தண்டில்தான் பூட்டியிருக்கிறது. 16 கிலோமீட்டருக்கு 4000 சுற்று என்றால் இரண்டரைக்கு அறுநூற்றுச் சொச்சம். முழு வேகத்தில் வீசுகிற காற்றில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு ஓட்டக்காரப் பெடியன் அதே மெஷினில் வேகமாக ஓடியிருந்தால், விசிறி நன்றாகச் சுற்றி மோட்டர் தப்பியிருக்கவும் கூடும்.

எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றறி கிடைக்காது. இரவுச் செய்திக்கு அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர். பெடலை நான் சுற்றுவேன். 6 வோல்ட், 3 வாட் டைனமோ. ரேடியோ இல்லாமல் சுற்றினால் சில்லு காற்றாய்ப் பறக்கும். ரேடியோவைக் கொழுவியவுடன் கைக்குள் ஒரு பாரம் வந்து இருக்கும். எங்கே இருந்து வருகிறது அந்தப் பாரம் என்று கேட்டேன். "கரண்ட் சும்மா வராது பிள்ளை. உன்ர கையில இருந்துதான் போகுது" என்றார் அப்பா. மோட்டரும் டைனமோவும் ஒரே சாமான். ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்துச் சுற்றலை எடுக்கிறோம், மற்றதற்குச் சுற்றலைக் கொடுத்துக் கரண்ட் எடுக்கிறோம். கையில் வந்த அந்தப் பாரத்துக்குப் பெயர்தான் இழுவை. பத்து வயதில் என் கைக்குத் தெரிந்திருந்ததை நாற்பது தாண்டி ஒரு கடைக்காரர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கதிரையில் இருத்தி, குளக்கட்டுக் கதையை அப்படியே சொன்னேன். ஆமேச்சரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் இன்னும் கெதியா நடந்திருந்தா எரிஞ்சிராதோ?" என்று கேட்டார். எரிந்திராது, ஆனால் கெதியாக நடக்கக்கூடியவருக்கு இந்த மெஷினே தேவையில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பெடியன் ஏன் அப்ப என்ர பாரத்தைக் கேட்டவன்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஆணிகளோடு ஒரு சின்னப் போத்தல் இருந்தது. சிலிக்கோன் எண்ணெய். கால் வைக்கிற பெல்ட்டைத் தூக்கி, அதற்கும் பலகைக்கும் இடையில் விட வேண்டியது. எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அது திறக்கப்படாமலே கிடந்தது. பெல்ட் காய்ந்து உராய்வு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. மெஷின் நின்றது வைகாசியில். அது சோளகக் காற்று எழும்புகிற மாதம். புழுதி கதவு யன்னல் எல்லாம் கடந்து வந்து மேசையில் படியும் வீட்டில் பெல்ட்டுக்கு அடியில் மட்டும் படியாமல் இருக்குமா? இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. ஆனால் அது பராமரிப்பில் விட்ட பிழை. ஒரு மனுசியின் உடம்பில் அதைச் சுமத்தியதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

வேகம் குறைந்த மெஷினைத் தேடி

இரண்டாவது மெஷினுக்குத் தம்பி திரும்பவும் காசு அனுப்பினான். இந்த முறை கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று கடை கடையாக ஏறினேன். பாரம் 88 கிலோ என்பதால் சித்தப்பாவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு கடையிலும் அவனை மெஷினில் ஏற்றி, ஒரு கிலோமீட்டர் வேகத்தில் விட்டு, காலை அழுத்தி வைத்து நடக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் பத்து, பன்னிரண்டு என்று வேகத்தைக் கூட்டிக் காட்டவே விரும்புவார்கள். அங்கே எல்லா மெஷினும் அழகாகத்தான் ஓடும். ஒன்றில் விடும்போதுதான் உண்மை தெரியும். குதி படுகிற ஒவ்வொரு தரமும் பெல்ட் ஒரு கணம் தயங்கி, பிறகு ஓடும். குதி விழும்போது கால் பெல்ட்டை முன்னுக்குத் தள்ளுகிறது, மோட்டர் பின்னுக்கு இழுக்கிறது. வேகத்தில் என்றால் மோட்டரில் பூட்டியிருக்கிற பாரச்சில்லு அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் சில்லில் தேங்குகிற சக்தி வேகத்தின் வர்க்கமாகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு வேகத்துக்கு வந்தால் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். முழங்கால் வலியோடு கவனமாகக் கால் எடுத்து வைக்கிற ஒருவருக்கு அந்தத் தயக்கம் சின்ன விசயம் இல்லை. நிலம் காலுக்குக் கீழே வழுக்கி வழுக்கி நிற்பது போல இருக்கும். அம்மா முதல் மெஷினில் கைபிடியை விடவே மாட்டேன் என்றதன் காரணம் எனக்கு அந்தக் கடையில்தான் விளங்கியது.

இரண்டாவதாகக் கேட்டது மோட்டரின் தகட்டை. மூடியைக் கழற்ற மாட்டோம் என்ற கடைகளில் நான் அதற்கு மேல் நிற்கவில்லை. கழற்றிக் காட்டிய இடங்களில் அம்பியரைப் பார்த்தேன், அப்புறம் எஸ்1 ஆ எஸ்2 ஆ என்று பார்த்தேன். எஸ்1 என்றால் தொடர்ந்து ஓடலாம். எஸ்2 என்றால் பக்கத்தில் எழுதியிருக்கும் நிமிடம் வரைதான், பிறகு ஆற விட வேண்டும். நேரோட்ட மோட்டரின் தகட்டில் எஸ்2, 30 நிமிடம் என்று இருந்தால், அம்மா போன்ற ஒருவருக்கு அந்த 30 நிமிடமும் முழுதாகக் கிடைக்காது. தகட்டின் கணக்கு முழு வேகத்துக்கு, முழுக் காற்றுக்கு.

மூன்றாவது எனக்கே புதிதாக விளங்கிய சங்கதி. உச்ச வேகம் குறைந்த மெஷின்தான் எங்களுக்கு நல்லது. ஒரே மோட்டரை 16 கிலோமீட்டர் மெஷினிலும் 12 கிலோமீட்டர் மெஷினிலும் பூட்டினால், 12 இல் கப்பிகளின் அளவு அதற்கேற்ப மாறியிருக்கும். அண்ணை சொன்ன கியர் அதுதான். ஒரு கியர் குறைத்துப் பூட்டின மெஷின். அதே பாரத்தை இழுக்க மோட்டருக்குக் கால்வாசி ஓட்டம் குறையும், சூடு கிட்டத்தட்ட பாதியாகும், விசிறியும் கொஞ்சம் கெதியாகச் சுற்றும். ஒரு கடையில் 18 கிலோமீட்டர் மெஷினைக் காட்டி, "இதுதான் மிஸ் பவர் கூட" என்றார்கள். எனக்கு 12 க்கு மேல் போகாதது வேண்டும் என்று கேட்டபோது அந்தத் தம்பி விளங்காமல் பார்த்தார். இரண்டு தரம் சொல்லித்தான் ஒரு மூலையில் இருந்ததை இழுத்து வந்தார்.

வேறு வகைகளையும் பார்த்தோம். மோட்டரே இல்லாமல் காலால் தள்ளி ஓட்டுகிறவை முழங்காலுக்கு ஆகாது. கட்டிலுக்குக் கீழ் தள்ளக்கூடிய மெல்லிய மெஷின்களுக்குக் கைபிடி இல்லை. 2025 மாசி (பெப்ரவரி) 9, நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிறு முற்பகல், நான் பார்த்துக்கொண்டிருக்க அம்மா பழைய மெஷினில் நடந்துகொண்டிருந்தார். பெல்ட் சடக்கென்று நின்றது, அம்மா முன்னுக்குப் போய்க் கைபிடியைப் பிடித்ததால் விழவில்லை. கைபிடி இல்லாத மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. ஜிம்களில் இருக்கிற ஆடலோட்ட (ஏ.சி.) மோட்டர் மெஷின்கள் உண்மையிலேயே நல்லவை. காபன் தேயாது, நாள் முழுக்க ஓடும். ஆனால் நாலு பேர் சேர்ந்துதான் தூக்கலாம், விலையும் எங்கள் கைக்கு எட்டாது. காபன் இல்லாத நேரோட்ட மோட்டரும் இப்போது வருகிறது. அதன் போட் பழுதானால் எங்கள் பக்கத்தில் கை வைக்க ஆளில்லை. காபன் மோட்டர் பழைய சாதிதான், ஆனால் அதைப் பரந்தனில் ஒரு மனிதர் மடியில் வைத்துத் திருத்துவார். எனக்கு அது பெரிய தகுதியாகப் பட்டது.

கடைசியில் எடுத்தது 180 வோல்ட், 10 அம்பியர், தகட்டிலேயே எஸ்1 என்றும் 2 பரிவலு என்றும் பதித்த மோட்டர் உள்ள மெஷின். பெட்டியில் பெரிய எழுத்தில் எண் ஒன்றும் இல்லை. ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சித்தப்பாவின் மகன் குதியால் குத்திக் குத்தி நடந்தும் பெல்ட் தயங்கவில்லை. அவன் இறங்கி வந்து, "அக்கா, தரையில நடக்கிற மாதிரி இருக்கு" என்றான். அதற்கு மேல் நான் விலையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

எடுத்தவுடன் பரந்தன் அண்ணைக்குப் படம் அனுப்பினேன். அவர் மூன்று வேலை சொன்னார். மாதம் ஒருக்கால் சிலிக்கோன் எண்ணெய். தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஒயிலோ பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. சோளகம் முடியும் வரைக்கும் கிழமைக்கு ஒருக்கால் மூடியைக் கழற்றித் தூரிகையால் புழுதி தட்ட வேண்டும், கரண்ட்டைக் கழற்றிய பிறகு. மூன்றாவது, மெஷினின் முன்பக்கத்தை ஒரு துளி உயர்த்தி வைக்கலாம். இதை நான் முதலில் நம்பவில்லை. ஏற்றத்தில் மோட்டருக்குப் பாரம் கூடும் என்றுதானே யாரும் நினைப்போம். மாறித்தான் நடக்கிறது. பெல்ட் பள்ளப் பக்கம் ஓடுகிறது, ஆளின் பாரமும் அதே பக்கம் தள்ளுகிறது. 3 சதவீதம் உயர்த்தினால் அம்மாவின் பாரத்தில் 25 நியூட்டன் மோட்டருக்கு உதவியாக வரும். டொக்டரிடம் கேட்டேன், முழங்காலுக்கு அந்த அளவு பரவாயில்லை என்றார். இப்போது ஒரு சதவீதத்தில் வைத்திருக்கிறோம்.

நாலாவதாகவும் ஒன்று சொன்னார், அதை அம்மாவிடமே போனில் சொன்னார். "நடந்து முடிய, மூடிக்கு மேல புறங்கையை வைச்சுப் பாருங்கோ அம்மா. வைக்க ஏலாத சூடெண்டா எனக்கு உடன அடியுங்கோ."

புது மெஷின் வந்து ஏழு மாதமாகிறது. காலை ஏழு மணிக்கு, நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற அவசரத்தில், அம்மாவிடம் இருந்து போன் வரும். சுகமா, சாப்பிட்டியா என்றெல்லாம் முதலில் கேட்க மாட்டார்.

"இண்டைக்கு 32 நிமிசம், பிள்ளை. மூடி இளஞ்சூடுதான்."